அறுபத்தெட்டு எரிகிறது

ஒரு விளக்கு எரிகிறது, அதற்கு மேல் வரிசையில் இன்னொன்று, வலது ஓரத்தில் மூன்றாவது, ஒவ்வொன்றும் குண்டுமணி அளவுதான், எரிந்ததும் வலது கை தானாகப் போய்க் கயிற்றை இழுத்து விளக்குக்குக் கீழே உள்ள துளையில் செருகும், நம்பர் ப்ளீஸ் என்று வாய் கேட்கும், அதற்குள் இடது கை பேசி முடித்த வேறொரு கயிற்றை உருவியிருக்கும், இதில் எதையும் தனபாக்கியம் யோசித்துச் செய்ததே கிடையாது, இப்போது யோசிக்கிறாள், ஏனென்றால் இவை விளக்குகள் இல்லை, வெள்ளைத் தாளில் அச்சடித்த வட்டங்கள், சில வட்டங்களுக்குள் எண், சிலவற்றுக்குள் எழுத்து, ஒண்ணுல இருந்து அ-வுக்குக் கோடு போடுங்கம்மா, அ-வுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து ஆ, இப்படியே மாத்தி மாத்திப் போங்க, பென்சிலைத் தூக்காம, என்று மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஜெனிபர் சொல்லியிருக்கிறாள், மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் மறதி என்று வருகிறவர்களுக்குப் பரீட்சை வைப்பது அந்தப் பெண்ணின் வேலை, முப்பது வயதுகூட இராது, தனபாக்கியத்துக்கு அறுபத்தொன்று. மூன்று வரை வந்தாயிற்று, அடுத்தது இ, இ எங்கே என்று கண் தேடுகிறபோது மடியில் கிடக்கும் கைப்பைக்குள் போன் அதிர்கிறது, அந்த அதிர்வு தொடையில் இறங்குகிறது, பென்சில் நாலுக்குப் போய்விடுகிறது.

பக்கத்து நாற்காலியில் இருக்கும் மகள் சுகந்தி கோடு தப்பியதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், மூன்று வாரமாகவே அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை, பார்த்தால் அழுதுவிடுவோம் என்ற பயம், அது தனபாக்கியத்துக்கும் தெரியும். சுகந்தி தன் வீட்டின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறாள், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், மத்தியானம் பன்னிரண்டரைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் நர்சரிப் பள்ளியிலிருந்து ஆறு பேரை நடத்திக் கூட்டிவருவது தனபாக்கியத்தின் பொறுப்பு, ஐந்து வருஷமாக அதில் ஒரு குறை வந்ததில்லை, பாக்கியம்மா பாக்கியம்மா என்று பிள்ளைகள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும், மூன்று வாரத்துக்கு முந்தி ஒருநாள் ஐந்து பேரோடு வந்து சேர்ந்தாள். செருப்புகளைக் கழற்றிவிட்டபோது தெரியவில்லை, கை கழுவ வரிசையில் நிறுத்தியபோது தெரியவில்லை, ஆறு தட்டு எடுத்துப் பரப்பியவள் அவள்தான், அப்போதும் தெரியவில்லை, ஆதிரை எங்கம்மா என்று சுகந்தி கேட்டபிறகுதான் ஆறாவது தட்டுக்கு முன்னால் யாரும் இல்லை என்பது கண்ணில் பட்டது. ஓடினார்கள், பள்ளிக்கு எதிரே கீரைவண்டிக்காரியின் பக்கத்தில் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது, நாலு வயசு, அதிகம் பேசாத பிள்ளை, அழவுமில்லை, ஒன்றும் ஆகவில்லைதான், ஆனால் ஆகியிருந்தால். அந்தம்மாவுக்கு என்னன்னு டாக்டர்ட்டக் காட்டுங்க, இல்லைன்னா எம்பிள்ளைய நிப்பாட்டிக்கிறேன் என்று ஆதிரையின் தாய் சொல்லிவிட்டாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது, ரிசல்ட் வர்ற வரைக்கும் நீ காப்பகத்துக்கு வரவேணாம்மா என்று சுகந்தி சொன்னாள், அவளையும் சொல்ல முடியாது. பெற்ற மகளே பிள்ளைகளை நம்பிக் கொடுக்கமாட்டாள் என்றால் அதற்குமேல் இருந்து என்ன, போய் என்ன, என்று மூன்று வாரமாகத் தனபாக்கியத்துக்குச் சோறு இறங்கவில்லை.

பரவாயில்லம்மா, மூணுல இருந்து திரும்ப வாங்க, என்கிறாள் ஜெனிபர், மூணு, முப்பத்தொண்ணு, மரக்கடை, நூத்திப்பதினாலு, பெரிய டாக்டர் வீடு, இருவத்தேழு, ஏலக்காய்க்கடை மூத்தவர், இருவத்தெட்டு, அவருடைய தம்பி, இரண்டு பேரும் ஒரே சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் கடை வைத்துக்கொண்டு முகம் பார்க்காமல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் சண்டை போடுவார்கள், இதெல்லாம் அப்படியே இருக்கிறது, நாற்பது வருஷத்துக்கு முந்திய எண் ஒன்றுகூட அழியவில்லை, மலைக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன ஊரில் அப்போது யார் போனைத் தூக்கினாலும் முதலில் எரிவது எக்ஸ்சேஞ்சில் ஒரு விளக்குதான், ஆபரேட்டர் பெண் கேட்டுத்தான் இணைக்க வேண்டும், உள்ளூருக்கு மேல் வெளியூர் டிரங்கு கால் வேறு, கொச்சிக்கும் விருதுநகருக்கும் பம்பாய்க்கும் லைன் கேட்டுக் காத்துக் கிடக்கும் துண்டுச்சீட்டுகள் வலது கைப்பக்கம், மூன்று நிமிஷம் முடிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும், கிடைக்காதவர்களைச் சமாதானம் செய்ய வேண்டும், இருபத்தொரு வயதில் போய் உட்கார்ந்தவள் ஆறே மாதத்தில் பதினான்கு கயிறுகளை ஒரே நேரத்தில் ஓட்டினாள், ஒரு காதில் கொச்சி ஆபரேட்டரின் மலையாளம், இன்னொரு பக்கம் டாக்டர் வீட்டம்மாவின் கோபம், நடுவில் ஏலக்காய் அண்ணன் தம்பி, ஒருத்தர் குரல் ஒருத்தர்மேல் ஏறாது, அததற்கு அதனதன் இடம், சாம்பார் கரண்டியை ரசத்தில் போடாத மாதிரி.

பத்துக்கை பாக்கியம் என்று பெயர் வைத்தவள் மெஹருன்னிசா, பக்கத்து ஸ்டூல், இரண்டு வருஷம் சீனியர், அடியே உனக்குக் காது ரெண்டுதானா, இல்ல கொண்டைக்குள்ள ரெண்டு ஒளிச்சு வச்சிருக்கியா என்பாள், எழுந்திருக்க முடியாத வேலை, அதனால் டிபன் பாக்ஸைத் திறந்து போர்டின் விளிம்பிலேயே வைத்துக்கொண்டு ஒருத்தி வாயில் இன்னொருத்தி ஊட்டிவிடுவார்கள், வாயில் சோறு இருந்தால் நம்பர் ப்ளீஸ் என்று சொல்ல முடியாது, அதனால் இவள் மெல்லுகிறபோது அவள் பேசுவாள், அவள் மெல்லுகிறபோது இவள், ஆடி மாதக் காற்றில் மலையிலிருந்து வரும் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி எல்லா லைனிலும் கொர்ரென்று சத்தம், அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், மெஹருன்னிசா வீட்டிலிருந்து சுக்குக் காப்பி வரும், அந்த அறையில் ஏழு பெண்கள், ஏழு குரல், நடுவில் சின்ன விசிறி, அது யார் பக்கமும் திரும்பாது, அவ்வளவு சந்தோஷமாகத் தான் வேறு எங்கும் இருந்ததில்லை என்று தனபாக்கியம் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள், கல்யாண வீட்டில்கூட இல்லை, தன் கல்யாணத்தில் நிச்சயமாக இல்லை.

கல்யாணம் இருபத்தைந்தில், மாப்பிள்ளை சௌந்தரபாண்டியன், அரசாங்க ஆபீஸில் எழுத்தர், பீடி சிகரெட் கிடையாது, குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, இப்படிக் கிடையாது கிடையாது என்று அடுக்கித்தான் ஊரே அவரைப் புகழ்ந்தது, உண்டு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான், அது வீட்டுக்குள்ளே மட்டும் உண்டு. முதல் மாதம் ஒரு சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே சிரித்த முகமாகக் கேட்டார், இன்னைக்கு யார் யாரோட பேசுன. அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள், டாக்டர் வீடு, மரக்கடை, கொச்சி, விருதுநகர் என்று. ஆம்பளைக எத்தன பேரு என்றார். என்ன கேள்வி இது, ஊரில் போன் வைத்திருந்தவர்களில் முக்கால்வாசி ஆம்பளைகள்தான், எண்ணலையே என்றாள், நாளைக்கு எண்ணிக்க என்றார், சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்கடுத்த வாரம் அறுபத்தெட்டு எரிந்தது, அறுபத்தெட்டு என்பது அவர் ஆபீஸுக்கு எதிரே இருந்த மருந்துக்கடை, நம்பர் ப்ளீஸ் என்றாள், கரகரவென்று மாற்றிய ஒரு குரல், நம்பர் இருக்கட்டும், ஒங்க பேரு என்ன, கொரலு நல்லாருக்கே என்றது, இந்த மாதிரி குறும்பு பண்ணுகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேர் வருவார்கள், நம்பரைச் சொல்லுங்க சார் என்று இறுக்கமாகச் சொல்லிக் கயிற்றை உருவிவிட்டு அத்தோடு மறந்துபோனாள், சாயங்காலம் காப்பி டம்ளரை வைத்துவிட்டு அவர் கேட்டார், இன்னைக்கு ஒருத்தன் ஒன் பேரைக் கேட்டானே, அத ஏன் சொல்லல.

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு வேலை, ஒன்று இணைப்பது, இன்னொன்று சாயங்காலம் ஒப்பிப்பதற்காக ஒவ்வொரு குரலையும் எடுத்து வைத்துக்கொள்வது, இதைச் சொல்லலாம், இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், இதைச் சொல்லாமல் விட்டு இது அவராக இருந்துவிட்டால், இப்படி. அறுபத்தெட்டு எரிந்தாலே இது அவர்தான் என்று காது கூர்ந்துவிடும், அது மருந்துக்கடைக்காரர் நிஜமாகவே கம்பெனிக்குப் பேசுவதற்காக எடுத்த போனாக இருக்கும், அவருடைய தந்திரம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் கடையை மாற்றினார், முப்பத்தொன்றிலிருந்து வரும், பஸ் ஸ்டாண்டு ஓட்டலிலிருந்து வரும், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அவளுக்கு எரிந்ததெல்லாம் அவர். ஆம்பளைக் குரல் கேட்டதும் அரை நொடி நிற்கும், இவரா, இல்லையா, அந்த அரை நொடியில் இரண்டு விளக்கு கூடுதலாக எரிந்துவிடும், பதினான்கு கயிறு பத்தாயிற்று, பத்து எட்டாயிற்று, ஒரு வருஷமில்லை இரண்டு வருஷமில்லை, ஆறு வருஷம், நடுவில் சுகந்தி பிறந்தாள், பிரசவ லீவு முடிந்து வந்தபோது அவளுக்குக் கொச்சி ஆபரேட்டர் சொல்லும் எண்ணை ஒரு தடவை கேட்டு நினைவில் வைக்க முடியவில்லை, எழுதிக்கொண்டாள், மெஹருன்னிசா ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒருநாள் நூற்றுப்பதினாலு எரிந்தபோது அவள் கை கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றதைப் பார்த்துவிட்டு மெஹருன்னிசாவே அந்த லைனை எடுத்தாள், கேட்டாள், கையால் மைக்கை மூடிக்கொண்டு திரும்பினாள், இது ஒன் வீட்டுக்காரருதாண்டி, பெரிய டாக்டரு மாதிரி பேசுறாரு, நீ அங்கிட்டுப் பாரு, நான் பேசிக்கிறேன் என்றாள், ஆமாஞ்சார், தனபாக்கியம் இன்னைக்கு லீவு சார், பெரிய டாக்டரா, வணக்கஞ்சார் என்று ரொம்பப் பணிவாகப் பேசி உருவிவிட்டாள், இரண்டு பேரும் போர்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள், சிரித்துச் சிரித்துத் தனபாக்கியத்துக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டில், லீவுன்னா எங்க போயிருந்த என்று ஆரம்பித்து அது மூன்று நாள் ஓடியது.

விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று இன்றைக்குச் சுலபமாகக் கேட்டுவிடலாம், அவள் தன் தாயிடம் சொல்லிப் பார்த்தாள்தான், அடிக்கிறாரா என்றாள் தாய், இல்லை, குடிக்கிறாரா, இல்லை, பெறகென்னடி, ஒம்மேல இருக்குற பிரியம் அது என்றாள், அந்தப் பதிலுக்கு மேல் போக ஒரு வீடும் இல்லை.

பிறகு பேச்சிமுத்து வருகிறார், வராதே என்றாலும் வருவார், இந்த நினைவில் எந்தத் தெரு வழியாகப் போனாலும் முடிகிற இடம் அவர்தான், சைக்கிள் ரிப்பேர்க்கடை வைத்திருந்த வயசாளி, காலை எட்டு மணிக்கே எக்ஸ்சேஞ்சுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், பம்பாய் ஆஸ்பத்திரியில் தம்பிக்கு மத்தியானம் ஆபரேஷன், உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேச வேண்டும், அர்ஜென்ட் கால் போட்டிருந்தார், தனபாக்கியம் காலையிலிருந்து பம்பாயைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள், பதினொன்றே முக்காலுக்கு லைன் கிடைத்தது, பார்ட்டி ஆன் த லைன் என்றது பம்பாய், தம்பி லைனுக்கு வந்துவிட்டார், கயிறு அவள் கையில் இருக்கிறது, போன் பேசும் கண்ணாடிக் கூண்டுக்குள் பேச்சிமுத்து ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக அவளையே பார்க்கிறார், செருகினால் போதும், அப்போது அறுபத்தெட்டு எரிகிறது. கை அறுபத்தெட்டுக்குப் போனது. அவளாகச் செய்யவில்லை, கை போனது, ஒரு ஆம்பளைக் குரல், கொஞ்சம் சளி பிடித்த குரல், விருதுநகர் வேணும்மா என்றது, இது அவரா, சளியா, சளி மாதிரியா, விருதுநகர்ல எந்த நம்பர் சார், அவராக இருந்தால் நம்பர் சொல்லத் தடுமாறுவார், இல்லை சரியாகச் சொல்கிறார், அப்படியும் பழகி வைத்திருக்கலாம், இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷத்துக்கு மேல். நிஜமான மருந்துக்கடைக்காரர்தான், நிஜமான சளிதான். திரும்பிப் பார்த்தபோது பம்பாய் போய்விட்டிருந்தது, அதற்கப்புறம் மூன்று மணிக்குத்தான் கிடைத்தது, தம்பியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள், மறுநாள் தம்பி இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. பேச்சிமுத்து அடுத்த வாரம் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார், சண்டை போடத்தான் வருகிறார் என்று அவள் எழுந்து நின்றாள், அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, லைன் கெடைக்கலைன்னா நீங்க என்ன தாயி செய்வீக, காலையில இருந்து எனக்காக மல்லுக்கட்டுனீக, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இல்லை ஐயா, கிடைத்தது, நான்தான் விட்டேன் என்று அவள் சொல்லவில்லை, அந்த மாதமே தானாக எழுதிக் கொடுத்துவிட்டு ரிக்கார்டு செக்ஷனுக்குப் போய்விட்டாள், தூசி, அலமாரி, பேசாத காகிதங்கள், சௌந்தரபாண்டியனுக்குப் பரம திருப்தி, மெஹருன்னிசா மட்டும் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை, பிறகு வந்து, ஊரு குறை தீக்கப் பத்துக்கை இருந்துச்சு, ஒன் கைவெலங்க எடுக்க ஒரு கை இல்லாமப் போச்சேடி என்றாள்.

போன் மறுபடி அதிர்கிறது, பெரிய டாக்டர் வீடு, இல்லை, ஜெனிபரின் அறை, வட்டங்கள், தனபாக்கியம் நாலுக்கும் ஈ-க்கும் நடுவில் நிற்கிறாள். அம்மா, அந்த போனைக் கொஞ்சம் வெளியில வச்சிரலாமா என்கிறாள் ஜெனிபர். இல்லம்மா, அது இருக்கட்டும், எடுக்கலைன்னா அவுக கோவிப்பாக என்கிறாள் தனபாக்கியம். சுகந்தி சட்டென்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள், அப்பாதானம்மா, அப்பாவுக்கு நீ இல்லாம ஒரு நிமிஷம் ஆகாது, நான் வெளியில நின்னு பேசிக்கிறேன், நீ பதட்டப்படாமப் போடு. நீ எடுக்காத சுகந்தி என்று சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது, அவள் அப்பா செல்லம், காய்ச்சல் என்றால் இரண்டு நாள் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, பரீட்சைக்குப் பென்சில் சீவி, ஜாமெட்ரி பாக்ஸ் அடுக்கிக் கொடுத்த அப்பா, அந்த அப்பா பொய்யும் இல்லை, அதனால்தான் இத்தனை வருஷமும் மகள் காதுக்கு ஒரு சொல் போகாமல் தனபாக்கியம் பார்த்துக்கொண்டாள். இவள் ரிக்கார்டு செக்ஷனுக்குப் போனபின் அடங்கியிருந்தவர்தான், மொபைல் வந்தது, ஊருக்கெல்லாம் வசதி வந்தது, அவருக்கு ஒரு எக்ஸ்சேஞ்சே கைக்குள் வந்துவிட்டது, எங்க இருக்க, யாரு பக்கத்துல, போனை வெளிய பாத்துத் திருப்பிப் பிடி, சத்தம் கேக்கட்டும். அன்றைக்கும் அதுதான், பள்ளி வாசலில் ஆறு பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி எண்ண ஆரம்பிக்கிறாள், ஒன்று, இரண்டு, மூன்று, போன், திருப்பிப் பிடி என்கிறார், பிடிக்கிறாள், பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே காவலாளியின் குரல் அவருக்குக் கேட்டுவிட்டது, யாரவன் என்கிறார், வாச்மேன் என்கிறாள், வாச்மேனுக்கு எத்தன வயசு என்கிறார், அவள் பதில் சொல்லிக்கொண்டே நடக்கிறாள், நாலு, ஐந்து, ஆறு என்பது எண்ணப்படவே இல்லை.

இந்தாங்க, புதுத் தாள், மொதல்ல இருந்து போடலாம் என்கிறாள் ஜெனிபர். ஒன்று, அ, இரண்டு, ஆ, மடியில் பை இல்லை, ஆனாலும் தொடை அதிர்கிறது, போனே இல்லாத இடத்தில் எப்படி அதிரும், தொடையைக் கையால் அழுத்திக்கொள்கிறாள், மூன்று, இ, கொஞ்சம் நிற்கிறாள், நாலு, ஈ, உ எங்கே, இல்லை அதற்கு முன் ஐந்து, ஐந்துக்குப் பிறகுதான் உ, பென்சில் மெல்லப் போகிறது, அந்த நாளைய பத்துக்கை பாக்கியம் பார்த்திருந்தால் சிரித்திருப்பாள், அவ்வளவு மெல்ல, ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆரம்பத்தில் ஐந்து சொல் சொன்னேனே, அதைச் சொல்லுங்க என்றாள் ஜெனிபர், குடை, சாவி, மல்லிகை, பச்சை, ஐந்தாவது வரவில்லை, எவ்வளவோ முட்டிப் பார்த்தும் வரவில்லை. நடுவில் டாக்டர் ஒருவர் வந்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ராத்திரி தூக்கம் எப்படிம்மா என்று கேட்டார், தூங்குவேன் சார், யாராவது கூப்பிட்டா உடனே முழிச்சுக்கிருவேன் என்றாள், யாரு கூப்பிடுவாங்க என்றார், அவள் கை மடியில் இல்லாத பையைத் தேடியது, அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். ஜெனிபர் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள், மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும், ஆனா இது நீங்க பயப்படுற வியாதி மாதிரி தெரியலன்னு டாக்டர் எழுதியிருக்காரும்மா, மடியில போன் இருந்தப்பப் போட்ட தாளும் இல்லாதப்பப் போட்ட தாளும் ஒரே ஆளு போட்ட மாதிரியே இல்ல, பல வருஷமா ஒரு காதைக் காவலுக்கு வச்சுக்கிட்டு மிச்சத்துலதான் வேலை பாத்திருக்கீங்க, எத்தனை நாளைக்குத் தாங்கும். தனபாக்கியம் தலையாட்டினாள், அந்தச் சின்னப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, வெட்கமாக இருந்தது, அதற்குமேல் கோபமாக இருந்தது, யார்மேல் என்று பார்க்கப் பயமாக இருந்தது.

வெளியே நீள நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சுகந்தி உட்கார்ந்திருக்கிறாள், கைப்பை காலடியில், போன் உள்ளங்கையில். தனபாக்கியம் அவள் பக்கத்தில் போய் நின்று, யாரும் கேட்காமலே, உள்ள அந்தப் பொம்பளப்பிள்ளை மட்டுந்தான் இருந்துச்சு, டாக்டர் ஒருத்தர் வந்தாரு, ரெண்டு நிமிஷம், அம்பது வயசு இருக்கும், தூக்கத்தப் பத்திக் கேட்டாரு, வேற யாரோடயும் பேசல என்று சொன்னாள், சொல்லி முடித்தபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. சுகந்தி நிமிர்ந்தாள், மூன்று வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். பதினோரு தடவை கூப்பிட்டாரும்மா, நான் எடுத்து ஹலோன்னுதான் சொன்னேன், ஒன் கொரலும் என் கொரலும் ஒண்ணுபோல இருக்கும்ல, நான்னு தெரியல, உள்ள எவன் இருக்கான்னு கேட்டாரு, மக பக்கத்துல இருந்தா ம்-னு மட்டும் சொல்லுன்னாரு. நான் ம்-னேம்மா. பெறகு அவர் பேசப் பேச, நான் ம் ம்-னுக்கிட்டே இருந்தேன், எங்கப்பாதானான்னு தெரிஞ்சுக்கிறதுக்காக. தனபாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்தாள், மகளின் கையைப் பிடித்தாள், அது சில்லென்றிருந்தது. எத்தன வருஷமாம்மா என்றாள் சுகந்தி. நீ பொறக்குறதுக்கு முந்தி இருந்து என்றாள் தனபாக்கியம், சொன்ன பிறகு நெஞ்சு பிளக்கும் என்று இத்தனை காலம் பயந்திருந்தாள், ஒன்றும் பிளக்கவில்லை, தாகமாக இருந்தது, அவ்வளவுதான்.

போன் மறுபடியும் அதிர்ந்தது, சுகந்தி அதை எடுத்துக் காதில் வைத்தாள், அப்பா, நான் சுகந்தி பேசுறேன், காலையில இருந்து நாந்தான் பேசுறேன் என்றாள், சாயங்காலம் வீட்டுக்கு வாரேன், அம்மா எங்கூடத்தான் இருப்பாக, வேற எதுவா இருந்தாலும் எங்கிட்டக் கேளுங்க என்று சொல்லி அணைத்துவிட்டாள், போனை அம்மாவிடம் கொடுக்கவில்லை, தன் பையில் போட்டுக்கொண்டாள். மணி பன்னெண்டு, நர்சரி விடப்போகுது, நீ ஆட்டோ பிடிச்சு நேராப் போம்மா, பிள்ளைகளக் கூட்டிட்டு வா, மருந்து வாங்கிக்கிட்டு நான் வாரேன் என்றாள். நானா என்றாள் தனபாக்கியம், தனியாவா. நீதான், ஆதிரை அம்மாட்ட நான் சொல்லிக்கிறேன் என்றாள் சுகந்தி.

பள்ளி வாசலுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டாள், கையில் ஒன்றும் இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார், அணைந்த போனை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார், சாப்பிட்டிருக்கமாட்டார், பாவம் என்றும் தோன்றியது, கிடக்கட்டும் என்றும் தோன்றியது, இரண்டும் ஒருசேர இருந்தன, இருந்துவிட்டுப் போகட்டும். மணி அடித்தது, கதவு திறந்தது, பிள்ளைகள் வந்து மொய்த்தன, பாக்கியம்மா நீங்க ஊருக்குப் போயிட்டீங்களா, பாக்கியம்மா இவன் என் ரப்பரைத் தின்னுட்டான், நான் திங்கல கடிச்சேன், பாக்கியம்மா எனக்கு மூச்சா வருது, பாக்கியம்மா என் ஷூ, ஒரே நேரத்தில் ஐந்து வாய், அவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே ரப்பர் வழக்கைத் தீர்த்து வைத்தாள், மூச்சாவை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருவதற்குள் ஊருக்கெங்கும் போகவில்லை என்று சொல்லி முடித்தாள், எதுவும் எதன்மேலும் ஏறவில்லை. அந்தக் கூச்சலுக்கு அடியில், முந்தானைக்குப் பின்னாலிருந்து, ரொம்பச் சின்னதாக ஒரு குரல் கேட்டது, ஆதிரை, மூன்று வாரமாக யார் கையையும் பிடிக்காமல் வந்துகொண்டிருப்பதாக சுகந்தி சொல்லியிருந்த பிள்ளை, பாக்கியம்மா, என்னைய எண்ணிட்டீங்களா என்று கேட்டது. தனபாக்கியம் தெருவிலேயே மண்டி போட்டு அதன் உயரத்துக்கு இறங்கினாள், எண்ணிட்டேன் கண்ணு, மொதல்ல ஒன்னத்தான் எண்ணுனேன் என்றாள், ஆதிரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையை நீட்டியது.